ஐதாபில் படகேறிய ஹாஜிகளுக்கு நேர்ந்தது

பழைய ஹஜ் பாதைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் ஐதாபை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள்: செங்கடலின் ஆப்பிரிக்கக் கரையில் இருந்த துறைமுகம், இந்திய, யேமன் சரக்கு இறங்கிய இடம், அக்கரையில் ஜித்தா. அதோடு விட்டுவிடக் கூடாது. அங்கே ஹாஜிகளைப் பிழிந்தெடுத்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். 1183 கோடையில் மூன்று வாரத்துக்கு மேல் அங்கே காத்துக் கிடந்த அந்தலூசியப் (முஸ்லிம் ஸ்பெயின்) பயணி இப்னு ஜுபைரின் குறிப்புகளைப் படித்தால் புகார் மனு படிப்பது போலவே இருக்கும்.

சினாய்ப் பக்கத் தரைவழியைச் சிலுவைப்போர்ப் படைகள் அடைத்திருந்த காலம் அது. எகிப்து வழியாக வந்தவர்கள் நைல் நதியில் தெற்கு எகிப்தின் கூஸ் நகர் வரை போய், அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனத்தைக் கடந்து ஐதாபுக்கு வந்தார்கள். அந்த ஊரில் எதுவும் விளையாது. குடிதண்ணீர்கூட வெளியிலிருந்துதான் வரவேண்டும். ஊர்க்காரர்களுக்குப் பெரிய வருமானம் ஹாஜிகள்தான்.

எகிப்தை முன்பு ஆண்ட ஃபாத்திமிகள் காலத்தில் தலைக்கு ஏழரை தினார் வரி. கட்ட முடியாதவர்களைச் சித்திரவதை செய்தார்கள். அந்த வரியை அவர்களுக்குப் பின் வந்த சுல்தான் சலாஹுத்தீன் ஒழித்தார், அது பெரிய காரியம். ஆனால் படகுக்காரர்களின் கை நிற்கவில்லை.

ஊரில் வசதியுள்ள ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு படகு உண்டு. அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. தென்னை நாரை அடித்துத் திரித்த கயிற்றால் பலகைகளைத் தைத்து, பேரீச்ச மரச் சிம்புகளைச் செருகி, நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுவார்கள். மூன்றிலும் சுறா எண்ணெய்தான் உசத்தி. வழியெல்லாம் பாறை, மரம் இளகிக் கொடுத்தால்தான் முட்டினாலும் தாங்கும். மரமும் நாரும் இந்தியா, யேமனிலிருந்து வந்தவை. பாய் மட்டும் ஒருவகைப் பனையோலைப் பின்னல். சோழமண்டலக் கரையின் மசூலாப் படகை அறிந்தவர்களுக்குத் தைத்த படகு புதிதல்ல. தையலைக் குறை சொல்வது நியாயமும் அல்ல.

ஆளைக் கொன்றது சுமைதான். ஒருவர் மேல் ஒருவர் உட்காரும்படி, கோழிக் கூண்டில் அடைப்பது மாதிரி ஏற்றினார்கள். படகு கட்டிய செலவு முழுவதையும் ஒரே நடையில் எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு கடல் அதை என்ன செய்தாலும் கவலையில்லை என்பது முதலாளியின் கணக்கு. 'பலகை எங்கள் பொறுப்பு, உயிர் ஹாஜிகள் பொறுப்பு' என்பது அவர்களிடையே புழங்கிய சொலவடை. இதைவிட வெளிப்படையான ஒப்புதல் வாக்குமூலம் தேவையா?

அக்கரை சேர்ந்து, திரும்பி வருகிறவர்களுக்கும் ஆபத்து இருந்தது. காற்று பல படகுகளை ஐதாபுக்குத் தெற்கே ஆளரவமற்ற துறைகளுக்குத் தள்ளிவிடும். அங்கே அந்தப் பகுதி மலைகளில் வாழ்ந்த பெஜா மக்கள் மலையிலிருந்து இறங்கி வந்து ஒட்டகம் வாடகைக்குத் தருவார்கள். தண்ணீர் இல்லாத வழியாகவே கூட்டிப்போவார்கள். பயணி தாகத்தில் செத்தால் அவர் பணமும் மூட்டையும் அவர்களுக்கு. சிலர் ஒட்டகத்தை விட்டு நடந்து வழிதவறி மாண்டார்கள். பிழைத்து ஐதாபுக்கு வந்தவர்கள் கஃபனிலிருந்து (சவத்துணியிலிருந்து) எழுந்தவர்கள் போல இருந்தார்களாம்.

முடிந்தவர்கள் இந்த ஊரைக் கண்ணாலேயே பார்க்க வேண்டாம் என்பதுதான் இப்னு ஜுபைர் சொன்ன யோசனை. ஷாம் (சிரியா) வழியாக இராக் போய், பாக்தாத் ஹாஜிகளின் கூட்டத்தோடு சேர்ந்து மக்கா செல்லச் சொன்னார். பெரிய சுற்றுதான். ஐதாபில் படும் பாட்டோடு பார்த்தால் அது லேசு என்றார்.