1800-இல் வேலை தேடினால்: ஹட்சன் பே கம்பெனியா, நார்த் வெஸ்ட் கம்பெனியா?

இருபது வயது, கையில் காசில்லை, ஊரில் நிலமும் இல்லை. அப்படி ஒருவனை 1800-இல் கனடாவின் வடக்குக் காடுகளுக்கு இழுத்தது பீவர் என்ற நீர்வாழ் விலங்கின் தோல். ஐரோப்பாவில் தொப்பி செய்ய அந்தத் தோலின் அடிமயிர் வேண்டும். அதை வாங்கி அனுப்ப இரண்டு பெரிய கம்பெனிகள் போட்டி போட்டு ஆள் எடுத்தன.

ஹட்சன் பே கம்பெனி 1670-இல் லண்டனில் அரச சாசனம் பெற்றது. நம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தம்பி மாதிரி. அதன் தலைமைக் கிடங்கான 'யார்க் ஃபேக்டரி'யும் தொழிற்சாலை இல்லை, பண்டகசாலைதான். நார்த் வெஸ்ட் கம்பெனி நூறு வருடம் கழித்து மான்ட்ரியல் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கியது.

முதல் வித்தியாசம் பாதை. ஹட்சன் பேக்காரர்களின் கப்பல் வருடத்துக்கு ஒருமுறை ஹட்சன் விரிகுடாவுக்குள்ளேயே வந்துவிடும், அதாவது கண்டத்தின் நடுப்பகுதிக்குப் பக்கத்திலேயே சரக்கு இறங்கிவிடும். மான்ட்ரியல்காரர்கள் மே மாதம் மரப்பட்டைத் தோணிகளில் கிளம்பி, ஆறு, ஏரி என்று வாரக்கணக்கில் துடுப்புப் போட வேண்டும். அருவி வந்தால் தோணியையும் சரக்கையும் தூக்கிக்கொண்டு நடை. சுப்பீரியர் ஏரிக்கரையில் 'கிராண்ட் போர்ட்டேஜ்' என்றொரு சுமைப்பாதை, சுமார் 14 கிலோமீட்டர். ஒரு கட்டு 90 பவுண்டு, அதாவது 41 கிலோ. தோல்வாரை நெற்றியில் மாட்டி, முதுகில் ஒரே நேரத்தில் இரண்டு கட்டு. ஆளுக்கு எட்டுக் கட்டு என்பது ஒப்பந்தம். அப்படியானால் அதே பாதையில் நான்கு நடை. கழுத்து என்னவாகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

சம்பளம்? ஹட்சன் பேயில் குறைவு. 18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் புதிதாகச் சேரும் கூலியாளுக்கு வருடத்துக்கு 6 பவுண்டுதான். ஆனால் சாப்பாடு கம்பெனியுடையது, செலவழிக்கக் கடையும் இல்லை. ஒப்பந்தம் முடிந்து, ஆட்கள் பலரின் சொந்த ஊரான ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளுக்குத் திரும்பும்போது கையில் ஏதோ இருக்கும். மான்ட்ரியல் தோணிக்காரர்களுக்கு ரொக்கம் அதிகம். ஆனால் ரம்மும் துணியும் புகையிலையும் கம்பெனி கிடங்கிலேயே கடனாக வாங்கி, வந்த பணம் அங்கேயே போனவர்கள் ஏராளம்.

மேலே வர வழி உண்டா? நார்த் வெஸ்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன் லாபத்தில் பங்குதாரராகவே ஆகலாம், ஆனால் அந்த இடமெல்லாம் பெரும்பாலும் ஸ்காட்லாந்து சொந்தபந்தத்துக்கு. துடுப்புப் போட்ட பிரெஞ்சுக் கனடாக்காரனுக்கு அரிது. ஆர்க்னிக்காரர் வில்லியம் டோமிசன் 1760-இல் ஹட்சன் பேயில் கூலியாளாகச் சேர்ந்து, 'கோட்டை' எனப்பட்ட உள்நாட்டு வியாபார நிலையங்களுக்கெல்லாம் தலைவரானார். 1781-82 பெரியம்மையில் கம்பர்லாந்து ஹவுஸ் என்ற கம்பெனி நிலையத்தின் வாசலுக்கு வந்து விழுந்த பூர்வகுடி மக்களை அவரும் அவர் ஆட்களும் உள்ளே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டார்கள். இறந்தவர்களுக்கு உறைந்த மண்ணில் குழி தோண்டினார்கள். சேர்த்த பணத்தில் சொந்த ஊரில் பள்ளிக்கூடம் நடக்க ஏற்பாடு செய்தார். இந்த ஒரு மனிதருக்காகவே என் மனம் ஹட்சன் பே பக்கம் சாய்கிறது.

ஊர் பார்க்கும் ஆசைக்காரன் என்றால் பதில் வேறு. நில அளவையாளர் டேவிட் தாம்சன் 1797-இல் ஹட்சன் பேயை விட்டு நார்த் வெஸ்டில் சேர்ந்தார். வரைபடம் போட அங்கே இடம் கொடுத்தார்கள். கிரீ என்ற பூர்வகுடி இனத் தாய்க்குப் பிறந்த ஷார்லட் ஸ்மாலை 1799-இல் மணந்தார். மனைவியும் குழந்தைகளும் பல பயணங்களில் கூடவே போனார்கள். அந்த நாளில் பல வியாபாரிகள் காட்டில் சேர்ந்த மனைவியை ஓய்வுபெற்றதும் அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். தாம்சன் அழைத்துக்கொண்டு போனார்; 1857-இல் சாகும்வரை ஒன்றாகவே வாழ்ந்தார்கள்.

சரி, தோல் கொண்டுவந்தவர்கள் பக்கம் நின்று பார்ப்போம். வேட்டையாடியதும் தோலைப் பதப்படுத்தியதும் கிரீ, ஒஜிப்வா மக்கள், அதிலும் பெண்கள் உழைப்பு நிறைய. இரண்டு கோட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் நின்ற காலத்தில் பேரம் அவர்கள் கையில் இருந்தது: இங்கே துப்பாக்கிக்கு அதிகத் தோல் கேட்டால் அங்கே போய்விடலாம். அதே போட்டிதான் ரம்மைப் பீப்பாய் பீப்பாயாகக் காட்டுக்குள் இறக்கியது, பீவரையும் அழித்தது. 1816-இல் செவன் ஓக்ஸ் என்ற இடத்தில் இரு தரப்பும் மோதி ரத்தமும் சிந்தியது. 1821-இல் இரண்டும் ஹட்சன் பே என்ற ஒரே பெயரில் இணைந்தன. பல கோட்டைகளை மூடினார்கள், வேலையாட்கள் பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் தோல் கட்டோடு வந்த கிரீ வேட்டைக்காரருக்கு, விலை பிடிக்காவிட்டால் போவதற்கு எதிரே இன்னொரு கோட்டை இல்லை.