ஹாக்கி ரெஃபரன்ஸ் டிராஃப்ட் பக்கம்: 2003 வரிசையைத் திருப்பி அடுக்க எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பழைய என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்ட் ஒன்றை, அதாவது அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி ஒன்றை எடுத்து, "இன்றைக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைக்கே தெரிந்திருந்தால் யார் முதலில் போயிருப்பார்?" என்று வாதாடுகிறவர்களுக்கு ஹாக்கி ரெஃபரன்ஸ் தளத்தின் டிராஃப்ட் பக்கம்தான் முதல் கருவி. காசு கிடையாது. ஒரு வருடத்தில் எடுக்கப்பட்ட அத்தனை பேரும் ஒரே அட்டவணையில் கிடைக்கிறார்கள். இந்தப் பக்கத்தைச் சோதித்துப் பார்க்க 2003-ஐவிடக் கடினமான வருடம் இல்லை. நாஷ்வில்லில் நடந்த அந்த டிராஃப்டில் 9 சுற்றுகளில் 292 பேர் எடுக்கப்பட்டார்கள். முதல் சுற்றின் 30 பேருமே என்ஹெச்எல் ஆட்டத்தில் இறங்கியவர்கள். 12-ஆவதாக நியூயார்க் ரேஞ்சர்ஸ் எடுத்த ஹியூ ஜெஸ்ஸிமன் ஆடியது மட்டும் 2 ஆட்டம், அதுவும் ஃப்ளோரிடாவுக்கு.

அட்டவணையில் எந்தத் தலைப்பைத் தட்டினாலும் அதன்படி வரிசை மாறும். புள்ளிகளை (அடித்த கோலும் கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) தட்டினால் மேலே வருபவர்கள் ஜோ பவெல்ஸ்கி 1068, எரிக் ஸ்டால் 1063, பட்ரீஸ் பெர்ஜெரான் 1040, ரையன் கெட்ஸ்லாஃப் 1019. நால்வருக்கும் நடுவே மொத்த இடைவெளியே 49 புள்ளிதான். 205-ஆவதாக எடுக்கப்பட்ட பவெல்ஸ்கியும் 2-ஆவதாக எடுக்கப்பட்ட ஸ்டாலும் 5 புள்ளி வித்தியாசத்தில் நிற்கிறார்கள். ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்தால் வரிசை கலைந்துவிடுகிறது: 1157 ஆட்டம் ஆடிய கெட்ஸ்லாஃபுக்கு 0.88, பவெல்ஸ்கிக்கும் பெர்ஜெரானுக்கும் 0.80, ஸ்டாலுக்கு 0.78. கோல் மட்டும் பார்த்தால் பவெல்ஸ்கி 476, கெட்ஸ்லாஃப் 282. எந்தத் தலைப்பைத் தட்டுகிறோமோ அதற்கேற்ற முதல்வர் கிடைக்கிறார். ஆட்ட எண்ணிக்கையைத் தட்டினால் 1500-ஐத் தாண்டிய ரையன் சூட்டரும் ப்ரென்ட் பர்ன்ஸும் மேலே ஏறுவார்கள். அது உழைப்புக்குச் சான்று, உச்சத்துக்கு அல்ல.

அட்டவணையின் கடைசிப் பத்தியில் (காலம்) இருக்கும் பாயின்ட் ஷேர்ஸ் எல்லோரையும் ஒரே அளவுகோலில் நிறுத்தப் பார்க்கிறது. அணி லீக் பட்டியலில் சேர்த்த புள்ளிகளை அதன் ஆட்டக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கணக்கு இது. சல்லடையாகப் பயன்படுத்த அருமையானது: இதன்படி வரிசைப்படுத்தி மேலிருந்து 50 பேரை எடுத்துக்கொண்டால், விட்டுப்போகக் கூடாத பெயர் எதுவும் விட்டுப்போகாது. ஆனால் அதே வரிசையை இறுதித் தீர்ப்பாக வைத்துக்கொண்டால் இரண்டு இடத்தில் சறுக்கும்.

முதல் சறுக்கல் கோலிகள், அதாவது கோல் காப்பாளர்கள். அணி கோல் வாங்காமல் தடுத்த பெருமையில் பெரும்பங்கு கோலிக்கே போவதால், நிறைய ஆட்டம் ஆடிய கோலி தானாகவே உச்சிக்குப் போய்விடுவார். மார்க்-ஆந்த்ரே ஃப்ளூரி 575 வெற்றி எடுத்தவர், கோலிகளின் வெற்றிப் பட்டியலில் மார்ட்டின் ப்ரோடூருக்கு அடுத்த இடம், பெயரில் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை மூன்று. பெரிய ஆள், சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்த எண்ணை வைத்து அவரை முன்களத்தின் நடுவில் ஆடும் ஒரு சென்டரோடு நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. கோலிகளைத் தனியாக அடுக்கிவிட்டு, பிறகு கையால் நடுவே செருகுவதுதான் சரியான வழி.

இரண்டாவது சறுக்கல் இன்னும் பெரிது. தடுப்புப் பங்கைப் பிரிக்கும்போது இந்தக் கணக்கு டிஃபென்ஸ்மேன்களுக்குக் கூடுதலாகவும் முன்கள ஆட்டக்காரர்களான ஃபார்வர்ட்களுக்குக் குறைவாகவும் கொடுக்கிறது. பொதுவாக அது நியாயம். பெர்ஜெரானுக்கு மட்டும் அநியாயம். எதிரணியின் முதல் வரிசையை இரவுக்கு இரவு அடக்கிவைத்து, சிறந்த தடுப்பு ஃபார்வர்டுக்கான செல்கி விருதை 6 முறை வாங்கியவர் அவர். அவரை எது தனித்துக் காட்டுகிறதோ அதைத்தான் இந்தப் பத்தி மிகக் குறைவாக அளக்கிறது. பாஸ்டன் அவரை 45-ஆவதாக எடுத்தது. அடுத்த சீசனிலேயே, 18 வயதில், 71 ஆட்டத்தில் 39 புள்ளி.

பக்கத்தில் இல்லாதவற்றையும் சொல்லியாக வேண்டும். எண்கள் எல்லாம் வழக்கமான சீசனுக்கு உரியவை, அதன் பிறகு கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் கிடையாது. 2006-இல் கரோலினா கோப்பை வென்றபோது 28 புள்ளியோடு பிளேஆஃபில் முதலிடம் பிடித்த ஸ்டாலும், கோப்பையே இல்லாமல் 74 பிளேஆஃப் கோல் அடித்த பவெல்ஸ்கியும் இங்கே வெறும் மொத்தக் கணக்குதான். அணிப் பெயர் எடுத்த அணியைக் குறிக்கிறது, உழைப்பு எங்கே போனது என்பதை அல்ல. மினசோட்டா 20-ஆவதாக எடுத்த பர்ன்ஸ் 2017-இல் சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் விருது வாங்கியது சான் ஹோசேயில். பிலடெல்பியா எடுத்த ஜெஃப் கார்ட்டர் இரண்டு கோப்பையும் தூக்கியது லாஸ் ஏஞ்சலஸில்.

ஆகவே அடுக்குவதற்கு முன்னால் விதியை முடிவுசெய்யுங்கள். முழு ஆட்டவாழ்க்கையா, எடுத்த அணிக்குக் கிடைத்த பலன் மட்டுமா? லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்த 2005 ஒப்பந்தத்தின் போக்கில், 27 வயதிலோ 7 சீசனுக்குப் பிறகோ ஆட்டக்காரர் சுதந்திரமாக வெளியேறலாம் என்று வந்தது. அதனால் இரண்டாவது விதிக்கு முதல் 7 சீசன் நல்ல அளவு. அந்த விதியில் 2005-06-இலேயே 100 புள்ளி எடுத்த ஸ்டால் மேலே போவார், முப்பதைத் தாண்டி உச்சம் தொட்ட பர்ன்ஸ் கீழே வருவார். இந்தக் கணக்குக்கு டிராஃப்ட் பக்கம் உதவாது; ஒவ்வொருவர் பக்கத்தையும் திறந்து சீசன் வாரியாகக் கூட்ட வேண்டும்.

எக்செல்லில் செய்வதானால் அட்டவணைக்கு மேலே உள்ள ஏற்றுமதிப் பட்டியலில் சிஎஸ்வி வடிவை எடுங்கள். ஆட்டங்கள் என்ற தலைப்பு இரண்டு முறை வரும், ஒன்று கோலிகளுக்கானது. உடனே பெயர் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வகுத்தல் எல்லாம் கோணலாகும். பிறகு சென்டர், விங், டிஃபென்ஸ், கோலி என்று நான்கு தாள். ஆட்டத்துக்கான புள்ளி, பிளேஆஃப் புள்ளி, விருது என்று மூன்று பத்திகளை நீங்களே சேர்க்க வேண்டும்.

முழு வாழ்க்கை விதியில் நமக்குக் கிடைக்கும் வரிசை: பெர்ஜெரான், ஷே வெபர், கெட்ஸ்லாஃப், பர்ன்ஸ், ஃப்ளூரி, பவெல்ஸ்கி, ஸ்டால், கோரி பெர்ரி, சூட்டர், கார்ட்டர். 1038 ஆட்டத்தோடு நின்றுவிட்ட வெபர் இரண்டாவதா என்று கேட்பார்கள். டிஃபென்ஸில் நின்று 224 கோல், இரண்டு ஒலிம்பிக் தங்கம், 2024-இல் ஹால் ஆஃப் ஃபேம். அவரை 49-ஆவதாக எடுத்த நாஷ்வில் பத்து சீசனுக்கு மேல் பலன் பார்த்தது. பெர்ரி 2011-இல் 50 கோலும், லீக்கின் மிக மதிப்புள்ள ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருதும் எடுத்தவர், எட்டாவதில் வைக்க மனம் வரவில்லைதான். ஆனால் மேலே உள்ள ஏழு பேரில் யாரை இறக்குவது?

பத்துக்குப் பிறகு பக்கம் மறுபடி பிரமாதமாக உதவுகிறது. எடுத்த எண்படி திருப்பி அடுக்கி, அடியிலிருந்து மேலே வாருங்கள். 239-இல் டோபியாஸ் என்ஸ்ட்ரோம், 245-இல் டஸ்டின் பஃப்ளின், 271-இல் யாரோஸ்லாவ் ஹலாக், 291-இல் பிரையன் எலியட். 2005 முதல் டிராஃப்ட் 7 சுற்றாகச் சுருங்கிவிட்டதால், இன்றைய முறையில் இவர்கள் நால்வரின் பெயரும் வாசிக்கப்பட்டே இருக்காது. ஹலாக்கும் எலியட்டும் 2011-12-இல் செயின்ட் லூயிஸுக்காக, மிகக் குறைவாகக் கோல் வாங்கிய அணியின் கோலிகளுக்கான ஜென்னிங்ஸ் விருதைப் பகிர்ந்துகொண்டவர்கள். கோலித் தாளில் ஃப்ளூரிக்கும் கோரி க்ராஃபர்டுக்கும் அடுத்து இவர்களை வைத்து, முதல் சுற்றின் பின்பாதியில் செருகுங்கள்.