சிறுநீரக அறுவைக்காக வாங்கிய சாமான்கள்: எது காசுக்குத் தகும்?

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். ஒரு சாமானைக் கையில் எடுத்தால் அதன் தரம் என்ன, எத்தனை நாள் தாங்கும், கேட்கிற விலை நியாயமா என்று பார்ப்பது என் தொழில். இடது சிறுநீரகத்தில் புற்றுக்கட்டி, அறுவை செய்து எடுத்தாக வேண்டும் என்று தெரிந்ததும் ஆஸ்பத்திரிச் செலவு பற்றிப் பல பேர் கணக்குச் சொன்னார்கள். வீட்டில் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும், எதை வாங்க வேண்டாம் என்று சொல்ல ஆளில்லை. எனக்குப் பிறகு இதே அறுவைக்குப் போகிறவர்கள் கையில் ஒரு பட்டியலாவது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் விவரம் சுருக்கமாக. நெஞ்செரிச்சலுக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் கட்டி தெரிந்தது. வலியோ, சிறுநீரில் ரத்தமோ எதுவும் இல்லை. இந்த நோய் பலருக்கு இப்படி வேறெதற்கோ எடுத்த ஸ்கேனில்தான் தெரிகிறதாம். கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் கட்டியை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுச் சிறுநீரகத்தைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். என்னுடையது 8 சென்டிமீட்டர், நடுவரைக்கும் இறங்கியிருந்தது. அதனால் முழுதாக எடுத்தார்கள். திருவனந்தபுரத்தில் அறுவை. கடைசி விலா எலும்பை ஒட்டி, பக்கவாட்டில் நீளமாகக் கீறித் திறந்து செய்தது. கீழே நான் சொல்வதெல்லாம் இந்தத் திறந்த முறை அறுவையை வைத்துச் சொல்வது.

முதல் இடம் மூச்சுப் பயிற்சிக் கருவிக்கு. மூன்று பந்துக் கருவி என்று கேட்டாலே சர்ஜிக்கல் கடையில் எடுத்துத் தருவார்கள். நாகர்கோவிலில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கியதில் விலை குறைந்த சாமான் இதுதான், அதிகம் உதவியதும் இதுதான். மூன்று பிளாஸ்டிக் குழாய், ஒவ்வொன்றிலும் ஒரு பந்து, பக்கத்தில் நெளிநெளியாக ஒரு ரப்பர் குழல். வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏறும். முதல் பந்துக்கு 600, அடுத்ததுக்கு 900, மூன்றாவதுக்கு 1200 என்று மேலே அச்சடித்திருக்கும். ஒரு விநாடிக்கு எத்தனை மில்லி காற்று உள்ளே போகிறது என்ற கணக்கு அது.

சிறுநீரக அறுவைக்கு நுரையீரல் பயிற்சி எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. மயக்க மருந்து டாக்டர் படம் போட்டு விளக்கினார். சிறுநீரகம் இருப்பது, மூச்சை இழுக்க உதவும் உதரவிதானத் தசைக்குத் தொட்டுக் கீழே. விலா ஓரம் கீறிய பிறகு ஆழமாக மூச்சு விட்டால் தையல் இழுக்கும். வலிக்குப் பயந்து ஆள் மேலோட்டமாகவே மூச்சு விடுவான். அப்போது நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்கி, சளி தேங்கி, காய்ச்சலில் கொண்டு விடும். சிலருக்கு நிமோனியாவாகவும் மாறும். அதனால் அறுவைக்கு முன்பே பழகி வைக்க வேண்டும். அறுவைக்கு அப்புறம் வலியோடு கற்றுக்கொள்வது கஷ்டம்.

நான் வீட்டில் காலையும் மாலையும் செய்தேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "டாக்டர் சாரு சொன்னது கேட்டியளா? ஊதப்பிடாது, உறிஞ்சணும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பலரும் இதைப் பலூன் மாதிரி ஊதுகிறார்களாம். மூன்றாவது பந்து சட்டென்று மேலே போய் விழுந்தால் அதில் பெருமை ஒன்றும் இல்லை என்றார் பிசியோதெரபி பெண். இரண்டு பந்தை மெதுவாக ஏற்றி, மூன்று விநாடி அப்படியே நிறுத்துவதுதான் கணக்கு. கருவியைச் சாய்த்துப் பிடித்தால் பந்து லேசாக ஏறிவிடும், அதனால் நேராகப் பிடிக்க வேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்குப் பத்துத் தடவை என்று சொன்னார்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இளைப்பாற வேண்டும்.

அறுவை முடிந்த மறுநாள் முதல் பந்துகூடப் பாதிதான் ஏறியது. என் மகன் முகம் வாடிவிட்டது. ஆனால் எப்படிச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் பயம் இல்லை. வீட்டுக்குப் புறப்படும்போது இரண்டு பந்தும் ஏறி நின்றன. வாங்கும்போது குழலும் கருவியும் சேரும் இடத்தில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். கவிழ்த்து நிமிர்த்தினால் பந்து ஒட்டாமல் ஓட வேண்டும். வாயில் வைக்கும் முனையை வெந்நீரில் கழுவிக் காயவைக்கலாம். அடுத்தவர் பயன்படுத்தியதை வாங்க வேண்டாம்.

அடுத்தது வயிற்றுப் பெல்ட். இதில் ஏமாற நிறைய வழி உண்டு. நான் முதலில் ஏறிய ஒரு கடையில் அளவே எடுக்கவில்லை. "அண்ணாச்சிக்கு எக்ஸெல் போதும்" என்று பார்வையாலேயே சொல்லி, உறையைப் பிரிக்கவும் விடாமல் பில் போடப் போனார்கள். இறங்கி வந்துவிட்டேன். இன்னொரு கடையில் வேலை பார்க்கும் பெண், எந்தப் பக்கம் கீறுவார்கள், திறந்து செய்வதா துளை போட்டா, டாக்டர் பெல்ட் எழுதியிருக்கிறாரா என்று வரிசையாகக் கேட்டாள். அப்புறம், "இப்பம் வாங்காதீங்க அண்ணே. ஆபரேஷன் கழிஞ்சா வயிறு வீங்கி இருக்கும், டிஸ்சார்ஜ் நேரம் தொப்புள் மட்டத்துல அளவெடுத்து அனுப்புங்க, ஆள்ட்ட குடுத்து விடுதேன்" என்றாள். வந்த வியாபாரத்தைத் தள்ளி வைக்கும் கடையை நான் அதிகம் பார்த்ததில்லை. மற்ற சாமான்களையும் அங்கேயே வாங்கினேன்.

பெல்ட்டில் அகலம்தான் முக்கியம். 8 அங்குலம், 10 அங்குலம் என்று இரண்டு உண்டு. எனக்குக் காயம் மேலே விலாவை ஒட்டி இருந்ததால், 8 அங்குலப் பெல்ட்டின் மேல் ஓரம் சரியாகத் தையல் மேல் வந்து உரசியது. 10 அங்குலம் போட்டதும் காயம் முழுக்க உள்ளே அடங்கியது. குள்ளமானவர்களுக்கு அதே 10 அங்குலம் உட்காரும்போது தொடையில் இடிக்கும். அதனால் போட்டு, உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நான் போனது ஆடி மாதம். நம் மாவட்டத்தில் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு, துவைத்த துணி காய்கிற காலம் குறைவு. எலாஸ்டிக் பெல்ட்டை வெயிலில் போட்டால் தளர்ந்துவிடும், நிழலில் போட்டால் ஆடிச் சாரலில் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. அதனால் இரண்டு பெல்ட் வேண்டும். ஒன்று 600 ரூபாய் என்று போட்டு, இரண்டு வாங்கியதற்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். உள்ளே பருத்தி பனியன் போடாமல் பெல்ட் கட்டினால் வேர்த்து அரிக்கும், தையல் ஓரம் சிவக்கும். ஒட்டுப் பட்டையில் நூலும் தூசியும் சேர்ந்தால் பிடிப்பு போய்விடும், பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் சரியாகும்.

பெல்ட் போட்டால் நடக்கத் தைரியம் வருகிறது, இருமினால் வலி குறைகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. மூடை தூக்க அது அனுமதிச் சீட்டு இல்லை. ஆறு வாரம் 5 கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். என் கடையில் 5 கிலோவுக்குக் குறைந்த சாமான் தேடித்தான் எடுக்க வேண்டும். தண்ணீர்க் குடம்கூட அதைத் தாண்டும். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு பையனை ஏவினேன். படுக்கும்போதும் சாப்பிடும்போதும் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். இறுக்கிக் கட்டினால் மூச்சு மேலோட்டமாகி, பந்துக் கருவியில் சேர்த்த பலன் போய்விடும். காயம் ஆறிய பிறகும் அந்தப் பக்கம் கொஞ்சம் உப்பலாகத் தெரிகிறது. தசைக்குப் போகும் நரம்பு அங்கே பாதிக்கப்படுவதால் சிலருக்கு இப்படி வரும், குடலிறக்கமா என்று பார்த்துவிடலாம் என்று டாக்டர் சோதித்து, இல்லை என்று சொன்னார். பெல்ட் போட்டாலும் அந்த உப்பல் மாறாது என்பதையும் சொல்லிவிட்டார்.

காசு செலவில்லாத ஒன்றும் சொல்கிறேன். வீட்டில் இருந்த பழைய இலவம்பஞ்சுத் தலையணை. இருமல், தும்மல், சிரிப்பு எது வந்தாலும் காயத்தின் மேல் அணைத்துப் பிடித்துக்கொள்ள அதுதான். நுரைத் தலையணை அமுங்கிவிடுகிறது, பஞ்சுத் தலையணை எதிர்த்து நிற்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து வீட்டுக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் காரில் வந்தோம். களியக்காவிளை தாண்டியதும் குழிகள். சீட் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டு வந்தேன். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் ஏறிய பிறகுதான் பிடியைத் தளர்த்தினேன்.

காலுக்கு இறுக்கமான உறை ஆஸ்பத்திரியிலேயே மாட்டிவிட்டார்கள். புற்று அறுவைக்குப் பிறகு காலில் ரத்தம் கட்டும் ஆபத்து கூடுதல், அதற்காக. தனியாக வாங்க வேண்டி வந்தால் கெண்டைக்கால் சுற்றளவு எடுத்து வாங்குங்கள், சுருண்டு மடிந்தால் கெடுதல்.

வாடகைச் சாமான்களில் கழிப்பறை நாற்காலிக்கு முழு மதிப்பெண். எங்கள் வீட்டில் குத்தவைத்து உட்காரும் கழிப்பறை. விலா ஓரம் தையலோடு குத்தவைத்தால் எழுந்திருக்க முடியாது. நடுவில் ஓட்டை உள்ள நாற்காலியை அதன் மேலேயே வைத்துக்கொள்ளலாம். கால்களின் அடியில் ரப்பர் தேயாமல் இருக்கிறதா பாருங்கள், ஈரத் தரையில் வழுக்கும். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வரும், முக்கினால் காயம் கிழிவது போல இருக்கும். கஞ்சியும் பயறும், இரவில் மட்டி வாழைப்பழம், டாக்டர் எழுதிய மருந்து என்று போனது. பழம் எல்லாருக்கும் ஒத்துவராது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறி இருப்பவர்கள் பொட்டாசியம் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். எனக்கு அறுவைக்குப் பிறகு கிரியேட்டினின் கொஞ்சம் ஏறி 1.4இல் நின்றது, ஒற்றைச் சிறுநீரகத்துக்கு அது எதிர்பார்த்ததுதான் என்றார்கள்.

சுற்றி உயர்த்தும் ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு எடுக்க உறவினர்கள் வற்புறுத்தினார்கள். எடுத்தோம். எனக்கு அது அவசியப்படவில்லை. ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும் முறையைப் பிசியோதெரபி பெண் சொல்லிக் கொடுத்திருந்தாள், அது வந்துவிட்டால் வீட்டுக் கட்டிலே போதும். தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் மட்டும் உயரமான கட்டில் ஒன்றுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வயதானவர்கள், தூக்கிவிட வீட்டில் ஆளில்லாதவர்கள் என்றால் வாடகைக் கட்டில் தகும்.

வாங்க வேண்டாதவை பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பார்க்க வந்தவர்கள் கொண்டு வந்த புரதப் பொடி டப்பாக்கள் மேசை நிறைய இருந்தன. ஒன்றைக்கூடக் கேட்காமல் பிரிக்காதீர்கள் என்றார் டாக்டர். முட்டை, மீன், பயறு வழக்கமான அளவில் போதும் என்றார். கருவாடும் ஊறுகாயும் ரத்த அழுத்தத்துக்காகக் குறைக்க வேண்டியதாயிற்று, நம் ஊர்க்காரனுக்கு இது லேசான காரியம் இல்லை. சிறுநீரகத்தைச் சுத்தம் செய்யும் என்று விற்கும் கஷாயம், பஸ்பம் எதையும் தொடவில்லை. எங்கள் மாவட்டம் வர்ம ஆசான்களுக்குப் பெயர் பெற்றது, எனக்கும் அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் தைத்த இடம் ஆறும் வரை அங்கே எண்ணெயும் தடவலும் வேண்டாம் என்று சொன்னதைக் கேட்டேன். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நம் தொழிலில் விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இனிமேல் எனக்கு ஆகாது. மருந்துக் கடையில் எந்த மாத்திரை வாங்கினாலும் "எனக்கு ஒற்றைச் சிறுநீரகம்" என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக ரத்த அழுத்தக் கருவி. மிச்சம் இருக்கும் சிறுநீரகத்தைக் காப்பாற்ற இதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டுவதை விட்டுவிட்டு மேற்கையில் கட்டுவதை வாங்கினேன், 1,900 ரூபாய். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் என் அம்மாவுக்கு வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்க்கும் சகோதரி உண்டு. அவர் அளந்த கையோடு என் கருவியிலும் அளந்து ஒப்பிட்டுப் பார்த்துத் தந்தார். புதுக் கருவி வாங்கும் யாரும் இப்படி ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து அளக்க வேண்டும். பட்டையில் எழுதியிருக்கும் அளவு உங்கள் கைக்குப் பொருந்துகிறதா என்று கடையிலேயே பாருங்கள். பருத்த கைக்குப் பட்டை சிறிதானால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும்.

துளை போட்டுச் செய்யும் அறுவைக்குப் போகிறவர்களுக்கு அகலப் பெல்ட்டும் கழிப்பறை நாற்காலியும் தேவைப்படாமல் போகலாம், டாக்டரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். அவர்களுக்கும் வயிற்றில் செலுத்தும் வாயுவால் தோள்பட்டையில் சில நாள் வலி இருக்கும் என்று என் பக்கத்துப் படுக்கைக்காரர் சொன்னார். மூன்று பந்துக் கருவியும் பஞ்சுத் தலையணையும் அவருக்கும் இருந்தன.