செஸ்னா 182-ஆ, பொனான்சாவா?

கனடாவில் இருக்கும் மச்சான் தன் சிறிய விமானமான செஸ்னா 172-ஐ மாற்றப் போகிறார். வேகமும் இடமும் போதவில்லை என்கிறார். கிளிநொச்சியில் இருந்து நாங்கள் வாட்ஸ்அப்பில் கதைப்பது இப்போது இதைப் பற்றித்தான். செஸ்னா 182, பீச்கிராஃப்ட் பொனான்சா ஏ36, இரண்டில் ஒன்று.

வேகத்தில் பொனான்சாதான். 172 ஏறக்குறைய 120 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்), 182 சுமார் 140, பொனான்சா 165 வரை போகும். ஆனால் கிளிநொச்சி–கொழும்பு நேர்கோட்டுத் தூரம், அதாவது சுமார் 280 கிலோமீட்டர் பறந்தால், 182-ஐ விட மிச்சமாவது 10 நிமிடம்தான்.

இடம்தான் பெரிய விஷயம். 182-இல் நான்கு இருக்கை, பொனான்சாவில் ஆறு. ஆறு பெரியவர்களையும் முழு டாங்க் எரிபொருளையும் சேர்த்து ஏற்ற முடியாது. பின்னால் ஆள் கூடினால் எடையின் மையம் பின்னுக்குப் போய், விமானத்தின் சமநிலை கெடும். எரிபொருள் எரிய எரிய இன்னும் பின்னுக்கு நகரும். எனவே புறப்படும்போது மட்டுமல்ல, இறங்கும் நேரத்துக்கும் கணக்குப் பார்க்கவேண்டும். எங்கள் ஊர் போல 35 பாகை வெயிலில் காற்று மெலிந்து விமானத்தின் திறன் குறைவதால், கடல்மட்டத்து ஓடுபாதையும் சுமார் 2,400 அடி உயரத்தில் இருப்பதுபோல நடந்துகொள்ளும். கனடாவின் கோடையிலும் இதை மறக்கக்கூடாது.

பொனான்சாவின் சக்கரம் உள்ளே மடங்கும். அதனால் பராமரிப்புச் செலவும் காப்புறுதியும் கூடும். 182-இன் சக்கரம் நிலையானது, புல்தரையிலும் நன்றாக இறங்கும்.

மச்சான் வீட்டில் பிள்ளைகள் இரண்டுதான். நான் 182 என்றுதான் சொல்கிறேன். அக்கா இன்னும் பொனான்சா பக்கம்.