கிராஷ் கார்ட்: ஒரு டிராயர் திறந்திருந்தால் இன்னொன்று திறக்காது

மூன்று வருடம் ஓடிய ஐந்து டிராயர் கிராஷ் கார்ட், அதாவது அவசர மருந்தும் சாமான்களும் வைக்கும் சக்கர வண்டி. டிராயர் ஓடும் ரெயில் மாற்றி இப்போதுதான் திரும்பி வந்திருக்கிறது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக இது. சக்கரம், பிரேக், சிலிண்டர் தாங்கி எதிலும் குறையில்லை. கோபமெல்லாம் இன்டர்லாக் மேல்தான்.

ஒரு டிராயர் திறந்திருந்தால் மற்ற நான்கும் பூட்டிக்கொள்ளும். காரணம் நியாயமானது: மேலே டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவி) இருக்கும்போது இரண்டு மூன்று டிராயரைச் சேர்த்து இழுத்தால் வண்டி முன்பக்கம் சாயும். ஆனால் கார்டியாக் அரெஸ்ட் நேரத்தில் மருந்து எடுக்கும் நர்ஸ் முதல் டிராயரை மூடவே மாட்டார். 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அட்ரினலின் 1 மி.கி.; ஷாக் கொடுத்தும் வி.எஃப். (இதயம் ஒழுங்கின்றித் துடிதுடிப்பது) அடங்காவிட்டால் அமியோடரோன் 300 மி.கி., அதாவது 150 மி.கி. ஆம்பியூல் இரண்டு உடைக்க வேண்டும். அதே நேரம் தலைமாட்டில் நின்று மூச்சுக்குழாயில் டியூப் போடுபவர் 7.5 டியூப் கேட்பார். அது இருக்கும் மூன்றாம் டிராயர் அசையாது. பதற்றத்தில் வெடுக்கென்று இழுத்து இழுத்தே ரெயில் வளைகிறது. வளைந்த டிராயர் பாதியில் சிக்கினால் மொத்த வண்டியும் பூட்டிக்கொள்ளும்!

ரெயிலை மாற்றினால் இது தீராது. ஏர்வே (மூச்சுப்பாதை) சாமான்களை வண்டியிலிருந்து வெளியே எடுத்த பிறகுதான் நிம்மதி. கட்டிலின் தலைமாட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒருவர் நின்று குனிய இடம் விடுங்கள். தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப் அவரது இடது கையில் இருக்கும். டியூப், சக்‌ஷன் எல்லாம் வலது கைக்குத்தான் வர வேண்டும். அதனால் டிரே அவருக்கு வலப்பக்கம், யாங்காவர் (உறிஞ்சு குழாய்) முனை தலையணைக்கு அடியில், அதே பக்கம். டிரேயில் லாரிங்கோஸ்கோப்புக்கு மெக்கின்டாஷ் 3, 4 பிளேடு, 7, 7.5, 8 டியூப், பூஜி (டியூபுக்கு வழிகாட்டும் வளையும் குச்சி), டியூப் முனையில் இருக்கும் கஃப் பலூனை ஊத 10 மி.லி. சிரிஞ்ச், கட்டும் நாடா, எல்.எம்.ஏ. (குரல்வளை மேல் உட்காரும் மாஸ்க்) 3, 4, 5. கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் அம்பு பேக்கை மாஸ்க், ரிசர்வாயர், ஆக்சிஜன் குழாய் எல்லாம் மாட்டியே தொங்கவிடுங்கள்.

வண்டி நோயாளியின் இடப்பக்கம், இடுப்புக்கு நேராக. டிஃபிப்ரிலேட்டரின் பேட் வயர் நெஞ்சுக்கு எட்ட வேண்டும். நெஞ்சை அழுத்தி கம்ப்ரஷன் செய்பவர் 2 நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவார், வலப்பக்கம் காலியாகவே இருக்கட்டும். அட்ரினலினையும் அட்ரோபினையும் அடுத்தடுத்த அறையில் வைக்காதீர்கள், ஆம்பியூல் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்.

எதிர்பாராமல் பிடித்துப்போனது வண்டியை மூடிவைக்கும் எண் போட்ட பிளாஸ்டிக் சீல். இழுத்தால் உடையும் மெல்லிய துண்டுதான். சீல் உடையாமல், எண் பதிவேட்டோடு ஒத்துப்போனால் தினமும் ஆம்பியூல் எண்ண வேண்டாம். முதலில் காலாவதியாகும் மருந்தின் தேதி வெளியே அட்டையில் இருக்கும். டிஃபிப்ரிலேட்டர் டெஸ்ட், சிலிண்டர் அழுத்தம், சக்‌ஷன் இழுப்பு மூன்றையும் பார்த்தால் போதும். ஏர்வே டிரே சீலுக்கு வெளியே போய்விட்டதால் அதை மட்டும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எண்ண வேண்டியிருக்கிறது, லாரிங்கோஸ்கோப் பல்பையும் எரியவிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கூடுதல் வேலையும் இந்த இன்டர்லாக்கால் வந்ததுதான்.

வார்டுக்கு என்றால் தாராளமாக வாங்கலாம், உழைக்கும். ரிசஸ் (உயிர் மீட்கும் அவசர சிகிச்சை) அறைக்கு வேண்டாம். அடிப்பக்கம் எடை வைத்து, இன்டர்லாக் இல்லாமல் வருவதைத் தேடுங்கள். பணம் கொடுக்கும் முன் டிஃபிப்ரிலேட்டரை மேலே ஏற்றி, முதல் டிராயரை முழுக்கத் திறந்து வைத்து, மூன்றாவதை இழுத்துப் பாருங்கள்.