நாலு மாதம் படுத்திய மிஸ்ஸிங்: பழைய டீசல் பிக்கப், பாம்பன்

என்னுடையது 2006 மாடல், நாலு சிலிண்டர் டீசல். சென்சார் எதுவும் கிடையாது, பழைய மெக்கானிக்கல் பம்ப். பாம்பனில் மீன் பெட்டி ஏற்றி ராமநாதபுரம், சில நாள் மதுரை வரை. ஒன்பது வருடமாக ஓட்டுகிறேன், பெரிதாகக் குறை சொல்ல எதுவும் இல்லை, போன வருடம் வரை.

மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் வாசலில் உப்புக் காற்றில் நின்ற வண்டியை ஜூன் 15க்கு அப்புறம் எடுத்தால், காலையில் ஹேண்ட் பம்ப் (டீசலைக் கையால் ஏற்றும் சின்ன பம்ப்) அடிக்காமல் ஸ்டார்ட் ஆகவே இல்லை. ஸ்டார்ட் ஆன பிறகும் மிஸ்ஸிங் (ஏதாவது ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுவது), வெள்ளைப் புகை, லோடோடு பாம்பன் பாலம் ஏறும்போது உதறல்.

முதலில் டீசல் ஃபில்டர் மாற்றினேன். அப்புறம் சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி நாசில் மாற்றி பிரஷர் வைத்தோம், டேப்பெட் அட்ஜஸ்ட் செய்தோம். பத்தாயிரம் போனது, மிஸ்ஸிங் போகவில்லை. ஒரு பட்டறையில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்துவது) இல்லை, இன்ஜினை இறக்கணும் என்றார்கள், அளந்துகூடப் பார்க்காமல். இன்னொன்று, டேங்க் நிறைய இருந்தால் வண்டி ஒழுங்காக ஓடும், பாதிக்குக் கீழே இறங்கினால் ஆரம்பித்துவிடும். நான் என்னவோ டீசலில்தான் கலப்படம் என்று பங்க் மாற்றிக்கொண்டே இருந்தேன்!

உச்சிப்புளி மெக்கானிக் அண்ணன் ஒருவர்தான் நிதானமாகப் பார்த்தார். ஐடிலில் ஓடவிட்டு ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டையும் லேசாகத் தளர்த்தினார். நல்ல சிலிண்டர் என்றால் தளர்த்தியதும் சத்தம் மாறி இன்ஜின் திணறும், ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர் என்றால் எந்த மாற்றமும் இருக்காது. (மிக அதிக பிரஷரில் டீசல் போகும் புது மாதிரி காமன் ரயில் வண்டியில் இதைச் செய்யவே கூடாது, அந்த பிரஷர் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும்.) முதல் நாள் மூன்றாவது சிலிண்டர் மாட்டியது, மறுநாள் பார்த்தால் ஒன்றாவது. "இடம் மாறுதுல்ல தம்பி, அப்ப நாசிலும் இல்ல கம்ப்ரஷனும் இல்ல, எங்கயோ ஏர் இழுக்குது" என்றார்.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணாடி மாதிரி ட்யூப் ஒன்றைப் போட்டோம். குமிழி குமிழியாக ஓடியது. அடுத்து டேங்க் பைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கேனில் டீசல் ஊற்றி உயரத்தில் கட்டி, டேங்கில் இருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு நேராகக் கொடுத்தோம். இரண்டு நிமிடத்தில் குமிழி நின்றது, மிஸ்ஸிங்கும் நின்றது.

அப்புறம் கீழே படுத்துப் பார்த்தால், ஐஸ் பெட்டித் தண்ணீர் சொட்டும் இடத்துக்கு நேர் கீழே, சேஸில் பைப்பைப் பிடிக்கும் கிளாம்புக்குள் துரு தின்றிருந்தது. வெளியே ஒரு பொட்டு டீசல் ஈரம் இல்லை. டேங்கில் இருந்து உறிஞ்சும் பக்கம் அது, ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். டேங்கில் டீசல் குறையக் குறைய உறிஞ்சும் பாடு கூடும், காற்றும் கூடும். பாவம், பங்க்காரரைத் திட்டியதுதான் மிச்சம்.

புது பைப், ஹோஸ், செம்பு வாஷர், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ரூபாய். பதினான்கு மாதம் ஆகிறது, நடுவில் இன்னொரு தடைக்காலமும் போய்விட்டது, ஹேண்ட் பம்பைத் தொடவில்லை. ஐஸ் பெட்டிக்கு ஒரு ஹோஸ் போட்டுத் தண்ணீரை டயருக்குப் பின்னால் விழும்படி விட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அடிப்பக்கம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறேன், குடம் காசு கொடுத்து வாங்குற தண்ணிய வண்டிக்கு ஊத்துறாரே என்று மாமியார் மட்டும் இன்னும் முணுமுணுக்கிறார்.