அண்ணாவும் மேடமும்: ஒரு தொண்டு நிறுவனத்தில் 9 ஆண்டுகள்

நேர்முகத் தேர்வு முடிந்து எழுந்தபோது இயக்குநர் சொன்னார்: "இங்கே சார், மோர் எல்லாம் கிடையாது. அண்ணா என்றே கூப்பிடுங்கள்." எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதில் இருந்த சிக்கல் புரிய இரண்டு ஆண்டுகள் ஆயின. சாரிடம் விடுப்பு கேட்கலாம், சம்பள உயர்வு என்ன ஆயிற்று என்றும் கேட்கலாம். அண்ணனிடம் கேட்டால் அவர் முகம் வாடிவிடும்.

கல்வித் திட்டம் ஒன்றில் களப்பணியாளராகச் சேர்ந்து, ஒருங்கிணைப்பாளராக வெளியே வந்தேன். முதல் 6 ஆண்டுகள் நிறுவனரான அண்ணாவின் தலைமை. கடைசி 3 ஆண்டுகள், வெளியிலிருந்து வந்த ஒரு பெண் இயக்குநரின் தலைமை. தொண்டு நிறுவன வேலைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இந்த இரண்டு காலங்களையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவதுதான் வழக்கம்.

வேலையில் பொய் இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்ஜெட் போடுவது, தலைமையாசிரியரிடம் பேசி இடம் வாங்குவது, அறிக்கை எழுதுவது என்று சேர்ந்த முதல் ஆண்டிலேயே என் தலையில் விழுந்த பொறுப்புகளை வேறு எங்கும் ஒரு புதியவனிடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

தொல்லை தொடங்குவது பணம் வரும் விதத்தில். நன்கொடை ஒரு திட்டத்துக்கென்று வரும். திட்டம் முடிந்தால் ஒப்பந்தமும் முடியும். 9 ஆண்டுகளில் 7 ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டேன். மாதக் கடைசியில் நேரப் பதிவேடு நிரப்ப வேண்டும்: ஒரு நன்கொடையாளருக்கு 60 சதவீதம், இன்னொருவருக்கு 40 சதவீதம். உண்மையில் என் பாதி நேரம் போனது, யாருமே பணம் தராத மூன்றாவது வேலைக்கு: பழைய திட்டத்தின் கணக்கை முடிப்பது, அடுத்த திட்டத்துக்கு விண்ணப்பம் எழுதுவது. அந்தப் பதிவேட்டில் அதற்குக் கட்டமே கிடையாது. கணக்காளர் முதலில் பென்சிலால் எழுதச் சொல்வார். கூட்டல் 100 வந்த பிறகுதான் பேனா.

மொத்தச் செலவில் நிர்வாகச் செலவின் விகிதம் குறைந்தால் நல்ல நிறுவனம் என்ற நம்பிக்கை இந்தத் துறையில் எங்கும் உண்டு. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களைப் பற்றிய தகவல்களையும் மதிப்பீடுகளையும் தந்துவந்த கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் ஆகிய மூன்றும் சேர்ந்து, அந்த விகிதத்தை மட்டும் வைத்து எடைபோடாதீர்கள் என்று 2013இல் நன்கொடையாளர்களுக்குத் திறந்த கடிதமே எழுதின. எங்கள் அலுவலகம் வரை அந்தக் கடிதம் வரவில்லை. என் நாற்காலியின் கைப்பிடி மூன்று ஆண்டுகள் துணி சுற்றியபடியே இருந்தது. நாற்காலியைக்கூட விடுங்கள், மனிதவள அதிகாரி என்று ஒருவரை வைப்பதும் நிர்வாகச் செலவுதானே! ஆகவே இயக்குநர் மீது புகார் இருந்தால் இயக்குநரிடமே சொல்ல வேண்டும்.

ஒரு மாதாந்திரக் கூட்டம் மறக்கவில்லை. தொடர்ந்து மூன்று ஞாயிறுகள் வேலை பார்த்த ஒரு புதிய பையன், மாற்று விடுப்பு உண்டா என்று கேட்டான். அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. சுவரில் இருந்த பிள்ளைகளின் படத்தைப் பார்த்தார். "அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டா தம்பி?" என்றார். உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஞாயிறு விடுமுறைதான். ஆனால் எங்களில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. பையன் மன்னிப்புக் கேட்டான். நான்கு மாதங்களில் வேலையை விட்டும் போனான். "அர்ப்பணிப்பு போதவில்லை" என்று பேசிக்கொண்டோம். நானும்தான் பேசினேன்.

அண்ணா கெட்டவர் இல்லை. நிதி வராத மாதங்களில் முதலில் நிற்பது அவருடைய சம்பளம்தான். தான் செய்யாத எதையும் அவர் எங்களைச் செய்யச் சொன்னதில்லை. ஆனால் அவரோ நாளுக்குப் பதினான்கு மணி நேரம் உழைப்பவர். அதுவே எங்கள் எல்லோருக்கும் அளவுகோலாகிவிட்டது. சரியாகக் கையாளப்படாத நாள்பட்ட வேலை அழுத்தத்தால் வருவது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வரையறுத்த அந்தப் பணிச்சோர்வு, எங்கள் அலுவலகத்தில் குணக்கேடாகவே பார்க்கப்பட்டது.

அடுத்து வந்தவரை முதல் ஆறு மாதங்கள் யாருக்கும் பிடிக்கவில்லை. அக்கா என்று கூப்பிடச் சொல்லவில்லை, மேடம்தான். பேச்சும் குறைவு. வந்த மூன்றாவது மாதமே 10 நாள் விடுப்பு எடுத்தார். காசோலையில் கையெழுத்திடும் அதிகாரத்தை முறைப்படி இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, போனை அணைத்துவிட்டுப் போனார். இயக்குநர் இல்லாமல் அலுவலகம் 10 நாள் ஓடியதை அன்றுதான் பார்த்தோம். திரும்பி வந்ததும் மீதி விடுப்பு எத்தனை நாள் என்று காட்டும் படிவம் வந்தது. புகார் என்றால் அறங்காவலர் குழுவில் யாரை அழைப்பது என்று பெயரும் எண்ணும் வாசலருகே ஒட்டப்பட்டன. எந்தப் பொறுப்புக்கு எவ்வளவு சம்பளம் என்ற பட்டியலும் வெளியே வந்தது. பட்டியலைப் பார்த்து இரண்டு பேர் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

விண்ணப்பங்களில் நிர்வாகச் செலவை மறைக்காமல் கேட்க ஆரம்பித்தார். ஒரு நன்கொடையாளர் விலகினார். மற்ற இருவர் ஏற்றுக்கொண்டார்கள்.

மேடத்துக்குக் களம் தெரியாது. கிராமத்துக்குப் போனால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அண்ணாவுக்கு ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் தெரியும். பழைய ஆட்கள் சிலர் மனம் கசந்து போனார்கள். மதிய உணவு நேரத்துக் கலகலப்பும் அவர்களோடு போயிற்று. அந்தக் கலகலப்பு இல்லாதது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இருந்தாலும் மறுபடி சேர வேண்டும் என்றால் மேடத்தின் அலுவலகத்தில்தான் சேருவேன். நேர்முகத் தேர்வில் நிறுவனத்தின் லட்சியம் பற்றி நான் எதுவும் கேட்க மாட்டேன். இயக்குநர் கடைசியாக எப்போது விடுப்பில் போனார், இந்தப் பொறுப்பில் எனக்கு முன்னால் இருந்தவர் ஏன் போனார் என்ற இரண்டை மட்டும் கேட்பேன்.

கடைசி நாளில் அதே கணக்காளர் என் மீதி விடுப்பைக் கணக்கிட உட்கார்ந்தார். முதல் 6 ஆண்டுகளுக்குப் பதிவே இல்லை. அடுத்த 3 ஆண்டுகளில் 11 நாட்கள் மீதி இருந்தன. அதற்கான பணம் அடுத்த வாரம் வங்கிக் கணக்கில் ஏறியது.